சந்தா கட்டிப் பார்க்கும் டாக்டர்

எங்கள் குடும்ப டாக்டரின் பெயருக்குப் பின்னால், அமெரிக்காவில் டாக்டர்கள் வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் எம்.டி. கிடையாது. டி.ஓ. என்று இருக்கும். டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள தமிழர் வீடுகளில் இதைச் சொன்னால், ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியப்பாவோ மாமாவோ "டி.ஓ.ன்னா கண் டாக்டராச்சே?" என்பார். அவர் மேல் தப்பில்லை. கண் மருத்துவத்தில் டிப்ளமோ முடித்தவர்கள் நம் ஊர் போர்டுகளில் அப்படித்தான் போட்டுக்கொண்டார்கள். இங்கேயே வேலை பார்ப்பவர்கள் கேட்பது வேறு மாதிரி: "எம்.டி. சீட் கிடைக்காதவங்க படிக்கிறதுதானே அது?" அது போதாதென்று, இன்ஷூரன்ஸை ஏற்காமல் மாதாமாதம் சந்தா வாங்கும் டாக்டர் என்றும் சொல்லிவிட்டால், நான் ஏதோ ஏமாந்துபோன ஆள் என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

முதல் சந்தேகம் சுலபமாகத் தீரும். அமெரிக்காவில் டி.ஓ., அதாவது டாக்டர் ஆஃப் ஆஸ்டியோபதிக் மெடிசின், என்றால் முழு மருத்துவர். நான்கு வருட மருத்துவக் கல்லூரி, அதன்பின் ரெசிடென்சி என்னும் மருத்துவமனைப் பயிற்சி, மருந்து எழுத, அறுவை சிகிச்சை செய்ய ஐம்பது மாநிலங்களிலும் உரிமை. 2020 முதல் எம்.டி.க்கும் டி.ஓ.க்கும் ரெசிடென்சி அங்கீகார அமைப்பும் ஒன்றேதான். இன்று இங்கே மருத்துவம் படிக்கும் மாணவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தக் கல்லூரிகளில்தான் இருக்கிறார். ட்ரம்ப்பின் முதல் ஆட்சியில் வெள்ளை மாளிகை மருத்துவராக இருந்த ஷான் கான்லியும், பைடனுக்கு மருத்துவராக இருந்த கெவின் ஓ'கானரும் டி.ஓ.க்கள். மற்ற பாடங்களோடு கூடுதலாக இருநூறு மணி நேரம் போலக் கையால் செய்யும் சிகிச்சையைப் படிக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். லண்டன், பாரிஸ், சிட்னி வாசகர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: உங்கள் ஊரில் ஆஸ்டியோபத் என்று சொல்லிக்கொள்பவர் இந்த அர்த்தத்தில் மருத்துவர் அல்ல.

இந்தக் கல்வி எங்கிருந்து வந்தது என்ற கதை எனக்குப் பிடித்தமானது. மிசூரி மாநிலத்துக்குப் போனபோது வடக்கே வெகுதூரம் சுற்றிக்கொண்டு கர்க்ஸ்வில் என்ற சிறு ஊருக்குப் போய் அங்குள்ள அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். இந்தக் கல்வியைத் தொடங்கிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் பிறந்த மரக்குடிலை வர்ஜீனியாவிலிருந்து அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து உள்ளே வைத்திருக்கிறார்கள். 1828-இல் பிறந்தவர். அப்பா மெத்தடிஸ்ட் போதகர், வைத்தியமும் பார்ப்பார். மகனும் அப்பாவிடமே தொழில் கற்று, உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்துவிட்டுக் கன்சாஸ் திரும்பினார். 1864-இல் மூளைக் காய்ச்சலில் அவருடைய மூன்று பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். அன்றைய மருத்துவத்தின் கையில் இருந்தது பாதரச மருந்து, அபின், ரத்தம் வடித்தல். பிள்ளைகளைக் காப்பாற்றாத அந்த மருந்துப் பெட்டி மேலேயே அவருக்கு நம்பிக்கை போயிற்று. எலும்புகளைக் கையில் எடுத்து உட்கார்ந்தார். உடம்பின் கட்டமைப்பு சரியாக இருந்தால் ரத்த ஓட்டம் சரியாக இருக்கும், அது சரியாக இருந்தால் உடம்பு தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்பது அவர் வந்து சேர்ந்த இடம். 1874-இல் அதை வெளியே சொன்னார். சொன்னதற்காக எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். 1892-இல் கர்க்ஸ்வில்லில் பள்ளி தொடங்கியபோது முதல் வகுப்பிலேயே பெண்களையும் சேர்த்துக்கொண்டார்.

அந்த அருங்காட்சியகத்தில் நான் நெடுநேரம் நின்றது ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன்னால். மூளையிலிருந்து கால் விரல் நுனிவரை, மனித உடலின் நரம்பு மண்டலம் மட்டும் தனியாகப் பிரித்து விரித்து வைக்கப்பட்டிருக்கிறது. 1925-இல் இரண்டு மாணவர்கள் ஆயிரத்தைந்நூறு மணி நேரம் போல உட்கார்ந்து செய்த வேலை. கையை நம்பியவர்களின் பள்ளி என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஸ்டில் சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்லமாட்டேன். மருந்தே வேண்டாம் என்ற அளவுக்குப் போனார். பிற்காலத்தில் அவருடைய கல்லூரிகளே மருந்தியலை உள்ளே கொண்டுவந்ததால்தான் இந்தப் படிப்பு பிழைத்தது. ஆனால் அவர் வெறுத்த மருந்துகளில் பலவற்றை இன்று எந்த டாக்டரும் தொடமாட்டார் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

எம்.டி.க்களுக்கும் இவர்களுக்கும் நடந்த சண்டையில் ஒரு வேடிக்கை உண்டு. 1962-இல் கலிஃபோர்னியாவில் இரண்டு தரப்பும் சமரசமாகி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட டி.ஓ.க்கள் 65 டாலர் கட்டணம் கட்டி எம்.டி. ஆனார்கள். அவர்களின் கல்லூரியும் பெயர் மாற்றிக்கொண்டு எம்.டி. கல்லூரி ஆயிற்று. நேற்றுவரை போலி என்று திட்டப்பட்டவர் இன்று 65 டாலரில் அசல் ஆகிவிட்டார் என்றால், முன்பு சொன்ன வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சரி, எங்கள் டாக்டருக்கு வருகிறேன்.

அம்மா மன்னார்குடியிலிருந்து வந்திருந்த சமயம். வலது தோள்பட்டைக்குக் கீழே ஒரு பிடிப்பு. விமானத்தில் உட்கார்ந்தே வந்ததில் தொடங்கியது, இரண்டு வாரமாக விடவில்லை. சுற்றுலா விசாவில் வரும் பெற்றோருக்கு நாம் எடுக்கும் இன்ஷூரன்ஸின் லட்சணம் இங்கே எல்லாருக்கும் தெரியும். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பெரும்பாலும் கிடையாது. பணம் வருமா வராதா என்பது பில் வந்த பிறகுதான் தெரியும். எங்கள் டாக்டர் விருந்தினரையும் மாதக் கணக்கில் சேர்த்துக்கொள்வார் என்பதால் அம்மாவின் பெயரைப் பதிந்து கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் முதலில் அம்மாவை நிற்கவைத்துப் பின்னால் போய் நின்று பார்த்தார். இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, கழுத்து எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புகிறது, தசை எங்கே இறுகியிருக்கிறது. பிறகு படுக்கவைத்து, விரல் நுனியால் தேடி, அம்மா "ஆ" என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டார். இன்னொரு கையால் தோளையும் தலையையும் மெல்ல மடக்கிக்கொண்டே போய், வலி இருந்த இடம் தெரியாமல் போகும் ஒரு கோணத்தில் நிறுத்தினார். அந்த நிலையிலேயே தொண்ணூறு விநாடி. அசையக்கூடாது. பிறகு அதே மெதுவாகப் பழைய நிலைக்கு. லாரன்ஸ் ஜோன்ஸ் என்ற டி.ஓ. 1950-களில் கண்டுபிடித்த முறை இது. நெட்டி முறிப்பது போலச் சத்தம் வரும் முறையும் இவர்களிடம் உண்டு. அம்மாவின் வயதையும் எலும்பையும் பார்த்து அதைச் செய்யவில்லை.

"நம்ம ஊர்ல சுளுக்கு எடுக்கறவர் மாதிரிதான்டா இருக்கு. ஆனா எண்ணெய் போடலியே" என்றார் அம்மா. படுத்தபடியே வேறு பேச்சும் வந்தது. டாக்டர் கை தோளில் இருக்க, அம்மா என்னைப் பார்த்துத் தமிழில், ஏதோ பக்கத்து வீட்டு விஷயம் போலச் சொன்னார்: "பிரஷர் மாத்திரைய ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போட்டுக்கறேன். நாலு மாசத்துக்குத்தான் கொண்டாந்தேன், நீ ஆறு மாசம் இருன்னுட்ட. இங்க டாக்டர் கிட்ட போனா ஆயிரம் டாலர் ஆகும்னு பக்கத்து வீட்டு ரமா சொன்னா."

நான் மொழிபெயர்த்தேன். டாக்டர் கையை எடுக்கவில்லை, அந்தத் தொண்ணூறு விநாடி முடியட்டும் என்று காத்திருந்தார். பிறகு ரத்த அழுத்தத்தை இரண்டு கையிலும் பார்த்தார். மேல் எண் 168. உள்ளே போய் அலமாரியிலிருந்து மூன்று மாதத்துக்கான ஆம்லோடிபின் எடுத்து வந்தார். நாலு டாலர் சொச்சம். மொத்த விலையில் வாங்கி அதே விலைக்குக் கொஞ்சம் மேலே வைத்துக் கொடுக்கிறார். எங்கள் மிஷிகன் மாநிலத்தில் டாக்டர்கள் தனி உரிமம் வாங்கிக்கொண்டு மருந்து கொடுக்கலாம். எல்லா மாநிலங்களிலும் இதற்கு அனுமதி இல்லை.

தோள் வலி ஒரு வாரத்தில் போயிற்று. தானாகவே போயிருக்குமா என்று கேட்டால், போயிருக்கலாம். ஆஸ்டியோபதிக் கை சிகிச்சைக்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது என்று தேடிப் படித்திருக்கிறேன். 1999-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்ட ஓர் ஆய்வில், இடுப்பு வலிக்கு இந்தச் சிகிச்சை பெற்றவர்களும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களும் ஒரே அளவில்தான் தேறினார்கள். ஆனால் கை சிகிச்சை பெற்றவர்கள் குறைவான மருந்து எடுத்தார்கள். 2021-இல் ஃபிரான்சில் நடந்த இன்னொரு ஆய்வில், சும்மா தொட்டு அனுப்பப்பட்டவர்களுக்கும் முறையாகச் செய்யப்பட்டவர்களுக்கும் இடையே வித்தியாசம் மிகச் சிறியது. மண்டை எலும்புகளைத் தொட்டுச் சரிசெய்கிறேன் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை, எங்கள் டாக்டர் அதைச் செய்வதுமில்லை. ஆக, சாதாரண இடுப்பு வலிக்கும் கழுத்துப் பிடிப்புக்கும் கொஞ்சம் உதவும், பெரிய கெடுதல் இல்லை, அதற்குமேல் யாராவது சொன்னால் நம்பவேண்டாம் என்பது என் நிலை.

ஆனால் அம்மாவின் மாத்திரைக் கதையை வெளியே கொண்டுவந்தது எது? கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி "மருந்தெல்லாம் ஒழுங்காகப் போடுகிறீர்களா" என்று ஒருவர் கேட்டிருந்தால் அம்மா நிச்சயமாக "ஆமாம்" என்றிருப்பார். அவர் தலைமுறை டாக்டரிடம் அப்படித்தான் பேசும். தோளில் ஒரு கை அவசரமில்லாமல் இருந்தபோதுதான் வாய் திறந்தது. இந்தச் சிகிச்சையின் பாதிப் பலன், அது டாக்டரையும் நோயாளியையும் அரைமணி நேரம் ஓரிடத்தில் நிறுத்திவைப்பதில் இருக்கிறது என்பது என் சந்தேகம். ஆய்வுகளில் போலிச் சிகிச்சை பெற்றவர்களும் ஏன் தேறுகிறார்கள் என்பதற்கும் இதில் கொஞ்சம் பதில் இருக்கலாம்.

அந்த அரைமணி நேரத்தை இன்ஷூரன்ஸ் தராது. கை சிகிச்சைக்கு என்று கட்டணக் குறியீடுகள் இருக்கத்தான் செய்கின்றன. உடம்பின் எத்தனை பகுதிகளைத் தொட்டார் என்று எண்ணி 98925 முதல் 98929 வரை. ஆனால் அதே நாளில் ரத்த அழுத்தத்தையும் பார்த்ததற்குச் சேர்த்து பில் போட்டால் இரண்டும் தனித்தனி வேலைதான் என்று இன்னொரு குறியீட்டை ஒட்டி நிரூபிக்க வேண்டும். நிரூபித்தாலும் பல சமயம் நிராகரித்துவிடுவார்கள். இந்த வம்பே வேண்டாம் என்று பல டி.ஓ.க்கள் கற்ற கலையைக் கல்லூரியோடு விட்டுவிடுகிறார்கள். எங்கள் டாக்டரும் முன்பு ஒரு பெரிய மருத்துவக் குழுமத்தில் வேலை பார்த்தபோது அப்படித்தான் இருந்தாராம். அவர் பெயரில் இரண்டாயிரத்துச் சொச்சம் நோயாளிகள், ஆளுக்குப் பதினைந்து நிமிடம், வீட்டுக்குப் போன பிறகும் இரவில் கணினியில் குறிப்பு எழுதும் வேலை. 2016-இல் வந்த ஓர் ஆய்வு, இங்கே டாக்டர்கள் நோயாளியோடு செலவிடும் ஒவ்வொரு மணிக்கும் கணினியிலும் காகிதத்திலும் ஏறக்குறைய இரண்டு மணி செலவிடுவதாகச் சொன்னது. 2022-இல் சிகாகோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இன்னொரு கணக்குப் போட்டார்கள்: 2,500 பேருக்குப் பரிந்துரைகளின்படி எல்லாவற்றையும் செய்ய ஒரு குடும்ப டாக்டருக்கு ஒரு நாளில் 26.7 மணி நேரம் வேண்டும்.

அதைவிட்டு வெளியே வந்தவர்கள் தொடங்கியதுதான் டைரக்ட் பிரைமரி கேர். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு பில்லே போடுவதில்லை. எங்கள் டாக்டருக்குப் பெரியவர்களுக்கு மாதம் 80 டாலர், பிள்ளைகளுக்கு அதில் பாதிக்கும் குறைவு. எத்தனை தடவை போனாலும் அவ்வளவுதான். போகும்போது கொடுக்கும் கோ-பே கிடையாது. போனில் குறுஞ்செய்தி அனுப்பினால் அவரே பதில் போடுவார். தையல் போடுவது, மரு எடுப்பது, கை சிகிச்சை எல்லாம் சந்தாவிலேயே அடக்கம். ரத்தப் பரிசோதனை லேபோடு பேசி வைத்த விலையில்: மூன்று மாத சுகர் அளவு பார்க்கப் பத்து டாலருக்கும் குறைவு. இதே பரிசோதனைக்கு முன்பு ஓரிடத்தில் எனக்கு வந்த பில்லைச் சட்டம் போட்டு மாட்டலாம். முக்கியமான விஷயம், விலை முன்கூட்டியே சுவரில் எழுதியிருக்கிறது. அமெரிக்காவில் மருத்துவம் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அதிசயம் என்று தெரியும்.

அவர் எப்படிப் பிழைக்கிறார் என்று எனக்கும் சந்தேகம் வந்து கணக்குப் போட்டேன். ஐந்நூறு பேர், சராசரியாக அறுபது டாலர் என்று வைத்துக்கொண்டாலும் மாதம் முப்பதாயிரம் டாலர். ஒரு நர்ஸ், வாடகை, தொழில் காப்பீடு, லேப் செலவு போக மீதி. பில் போடுவதற்கென்றே ஆள் வைக்கவேண்டாம் என்பதுதான் பெரிய மிச்சம். குழுமத்தில் வாங்கியதைவிடக் கொஞ்சம் குறைவுதான் என்று அவரே ஒருமுறை சொன்னார். ஆனால் இரவுச் சாப்பாட்டை வீட்டில் சாப்பிடுகிறாராம்.

இது இன்ஷூரன்ஸுக்கு மாற்று இல்லை. இதைச் சிலர் சரியாகச் சொல்வதில்லை. என் மனைவிக்குப் பித்தப்பைக் கல் வந்தபோது, ஸ்கேன் எங்கே மலிவு என்று சொன்னதும் நல்ல சர்ஜனிடம் அனுப்பியதும் எங்கள் டாக்டர். ஆபரேஷன் செலவைத் தாங்கியது கம்பெனி இன்ஷூரன்ஸ். ஆக, இரண்டுக்கும் பணம் கட்டுகிறோம். அதிக டிடக்டபிள் (இன்ஷூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நாமே கட்டவேண்டிய தொகை) உள்ள திட்டத்தில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு சிக்கலும் இருந்தது. வரி கட்டாமல் மருத்துவச் செலவுக்குச் சேமிக்கும் கணக்கை வைத்துக்கொண்டு இப்படிச் சந்தா கட்டினால், அந்தக் கணக்கில் பணம் போடும் தகுதியே போய்விடும் என்பது வருமான வரித் துறையின் வாதம். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் அதை மாற்றியது. 2026 ஜனவரியிலிருந்து தனி ஆளுக்கு மாதம் 150 டாலர், குடும்பத்துக்கு 300 டாலர்வரை சந்தா இருந்தால் பிரச்சினையில்லை. அந்தக் கணக்கிலிருந்தே கட்டவும் கட்டலாம்.

சந்தா மருத்துவம் எல்லா இடத்திலும் நிற்கிறது என்றும் சொல்லமுடியாது. சியாட்டிலில் 2007-இல் க்யூலையன்ஸ் என்ற நிறுவனம் இதைப் பெரிய அளவில் செய்தது. ஜெஃப் பெசோஸும் மைக்கேல் டெல்லும் பணம் போட்டிருந்தார்கள். 2017-இல் மூடிவிட்டார்கள். பெரிய முதலீடு போட்டுப் பல கிளினிக்குகளாக விரித்தால் மறுபடியும் அதே அவசரம் உள்ளே வந்துவிடுகிறதோ என்னவோ. தனி ஆளாக, ஒரே ஒரு அறையோடு நடத்துபவர்கள்தான் நின்று பிடிக்கிறார்கள் என்பது என் கண்ணில் படுவது.

எனக்கு உறுத்தும் விஷயம் வேறு. எங்கள் தெருவில் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். இதே டாக்டரிடம் பல வருடம் போனவர். டாக்டர் குழுமத்தை விட்டதோடு, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரிலிருந்தும் விலகிவிட்டார். விலகினால் இரண்டு வருடத்துக்குத் திரும்ப முடியாது. கையிலிருந்து சந்தா கட்ட அவருக்கு மனமில்லை. வாழ்நாள் முழுக்கக் கட்டிய வரிக்கும் தொழிற்சங்கம் போராடி வாங்கித் தந்த காப்பீட்டுக்கும் என்ன அர்த்தம் என்கிறார். பனி தள்ளும்போது பார்த்தால் "எப்படி இருக்காங்க என் டாக்டர்?" என்றுதான் கேட்பார். அவருக்குப் புது டாக்டர் கிடைக்க நான்கு மாதம் ஆயிற்று. இரண்டாயிரம் பேரைப் பார்த்தவர் ஐந்நூறு பேரோடு நின்றுவிட்டால் மீதி ஆயிரத்தைந்நூறு பேர் எங்கே போவார்கள் என்ற கேள்விக்கு இந்த முறையின் ஆதரவாளர்களிடம் நேரான பதில் இல்லை. இப்படி ஒரு வழி இல்லாவிட்டால் அந்த டாக்டர் தொழிலையே விட்டிருப்பார் என்கிறார்கள். எங்கள் டாக்டர் விஷயத்தில் அது உண்மைதான், ரியல் எஸ்டேட் லைசென்சுக்குப் படிக்கத் தொடங்கியிருந்தாராம். ஆனாலும் கார் தொழிற்சாலைக்காரரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

யார் சேரலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கம்பெனி இன்ஷூரன்ஸ் நன்றாக இருந்து, வருடத்துக்கு ஒருமுறை காய்ச்சலுக்கு மட்டும் டாக்டரைப் பார்க்கும் முப்பது வயதுக்காரருக்கு இது தண்டச் செலவு. சுகர், பிரஷர், தைராய்டு என்று மாதாமாதம் ஏதாவது ஒன்றுக்கு அலைபவர், சொந்தத் தொழில் செய்து பெரிய டிடக்டபிளோடு இருப்பவர், பெற்றோரை ஆறு மாதத்துக்கு அழைத்துவருபவர் ஆகியோர் விசாரித்துப் பார்க்கலாம். விசாரிக்கும்போது மூன்றைக் கேளுங்கள்: விருந்தினரைச் சேர்ப்பார்களா, குறைந்தபட்சம் இத்தனை மாதம் கட்ட வேண்டும் என்று இருக்கிறதா, மருந்தை அங்கேயே கொடுப்பார்களா. டி.ஓ.வா எம்.டி.யா என்பதைக் கேட்கவேண்டாம்.

எங்கள் டாக்டரிடம் இப்போது இடமில்லை. நண்பர் ஒருவரின் அப்பா அம்மா மே மாதம் மதுரையிலிருந்து வருகிறார்கள். காத்திருப்போர் பட்டியலில் அவர்கள் பெயரைக் கொடுத்திருக்கிறோம், முன்னால் பதினோரு குடும்பம் இருக்கிறது. கிடைத்தால் பார்க்கலாம், கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, ஆறு மாத மாத்திரையையும் சேர்த்து வாங்கி, மருந்தின் பெயரை பிராண்டாக இல்லாமல் முழுசாக ஆங்கிலத்தில் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு ஏறச் சொல்லுங்கள் என்று நண்பரிடம் சொன்னேன். கூடவே, ரமா மாதிரி யார் பேச்சையும் கேட்கவேண்டாம் என்றும் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.